கரண்டி மறுபடியும் விழும்

"பாப்பாவோட என்ன விளையாடறதுன்னே தெரியலண்ணா. வாங்கிக் கொடுத்த பொம்மையெல்லாம் மூலையில கெடக்கு. அவளுக்கு தோசைக் கரண்டிதான் வேணுமாம்."

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. கேட்டவர் தினமும் சென்னைக்கு ரயிலில் போய் வந்து வேலை பார்க்கும் இளைஞர். மகளுக்குப் பத்து மாதம். பொத்தானை அழுத்தினால் பாடும் யானை, விளக்கு எரியும் கார், எழுத்து சொல்லும் பலகை என்று அவர் சொல்லிக்கொண்டே போனதில் ஒரு மாத வாடகை தேறும். கேலி செய்யத் தோன்றவில்லை. இந்தக் கேள்வியை வெளியே கேட்க இந்தக் காலத்து அப்பாக்களுக்குத்தான் வாய் வந்திருக்கிறது. உட்காருங்க தம்பி, டீ இன்னும் சூடாத்தான் இருக்கு என்றேன்.

முதலில் அந்த யானை ஏன் தோற்றது என்று பார்ப்போம். குழந்தை அழுத்தினாலும் அது பாடும், அடித்தாலும் அதே பாட்டுத்தான், அழுதாலும் அதே. அதற்கு எதிரில் இருப்பது யார் என்று தெரியாது. கரண்டியைத் தரையில் தட்டினால் ஒரு சத்தம், தட்டில் தட்டினால் இன்னொன்று, தண்ணீர்க் குடத்தில் தட்டினால் மூன்றாவது. கூடவே அடுப்படியிலிருந்து அம்மா "ஏய் கண்ணு, காது போகுதுடி" என்று குரல் கொடுக்கிறாள். குழந்தை உடனே நிறுத்திவிட்டு அம்மா முகத்தைப் பார்க்கிறது. சிரிப்பு தெரிந்தால் மறுபடி ஒரு தட்டு. பத்து மாதக் குழந்தைக்கு வேண்டியது இந்தப் பதில்தான். தான் ஒன்று செய்ய வேண்டும், எதிரில் இருப்பவர் அதற்கேற்ப ஒன்று செய்ய வேண்டும், பிறகு தன் முறை வர வேண்டும். விளையாட்டு என்று நாம் பெரிதாக நினைக்கும் சங்கதி அவ்வளவுதான்.

இந்தப் பதில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் சோதித்துப் பார்த்தார். அந்த ஆய்வு 1978-ல் வெளிவந்தது. தாயும் கைக்குழந்தையும் எதிரெதிரே உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். பிறகு தாய் சில நிமிடம் முகத்தை அசையாமல், எந்த உணர்ச்சியும் காட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். திட்டக் கூடாது, எழுந்து போகவும் கூடாது. குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. அடுத்து கையை நீட்டுகிறது, கத்திப் பார்க்கிறது. தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் தீர்ந்த பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அழுகிறது. ஆள் எதிரிலேயே இருக்கிறார், ஆனால் இல்லை.

தம்பி தன் செல்போனை மேசையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் அவரைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. டிரானிக்கே பின்னாளில் சொன்ன இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நல்ல தாய்க்கும் குழந்தைக்கும் இடையில்கூட எல்லா நேரமும் எல்லாம் பொருந்திப் போவதில்லை. அடிக்கடி தவறும், பிறகு சேரும். தவறியது மறுபடி சேர்வதில்தான் குழந்தை நம்பிக்கை கற்றுக்கொள்கிறது. ஆகவே நாள் முழுக்க குழந்தை முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பார்க்கும்போது முழுசாகப் பாருங்கள், போதும்.

சரி, காசில்லாத விளையாட்டு ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். நம் பக்கத்தில் இது இல்லாத வீடே இருக்காது. குழந்தையின் உள்ளங்கையை விரித்து அதில் நம் முழங்கையை வைத்துப் பருப்பு கடைவது. கடைந்து முடித்ததும் சோறு பிசைந்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பங்கு வைப்பது. அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, ஆயாவுக்கு, கடைசிச் சுண்டுவிரல் பாப்பாவுக்கு. சில வீடுகளில் காக்காய்க்கும் பூனைக்கும்கூடப் பங்குண்டு. பிறகு கை கழுவி, அந்த உள்ளங்கையிலிருந்து இரண்டு விரல் நண்டாகி மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று மெல்ல ஊர்ந்து அக்குளில் போய்க் கிச்சுகிச்சு.

இதற்குள் எத்தனை வேலை நடக்கிறது என்று பாருங்கள். முதல் சில தடவை குழந்தை கடைசியில், விரல் அக்குளைத் தொட்டபோதுதான் சிரிக்கும். நாளாக ஆக நண்டு முழங்கைக்கு வரும்போதே சிரிப்பு கிளம்பிவிடும். பிறகு மணிக்கட்டிலேயே. அப்புறம் பருப்பு கடையத் தொடங்கும்போதே அக்குளை இறுக்கிக்கொண்டு நெளியும். அடுத்து வரப்போவது என்ன என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போடக் கற்றுக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதே கணக்கால்தான். நம் கை எங்கே படப்போகிறது என்று மூளைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அடுத்தவர் கை எப்போது படும் என்பதில்தான் சுவாரசியம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நண்டை முழங்கையில் நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும், பிறகு நண்டைப் பார்க்கும், "ம்ம்" என்று ஒரு சத்தம் போடும், அல்லது தோளை நீட்டும். அது அவளுடைய முறை. நாம் பெரியவர்கள் பெரும்பாலும் அந்த முறையைக் கொடுக்காமல் அவசரப்பட்டு ஆட்டத்தை முடித்துவிடுகிறோம். ஒன்றரை, இரண்டு வயதில் அவளே உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் பருப்பு கடைவாள். பங்கு வைக்கும்போது அப்பாவை விட்டுவிட்டு நாய்க்கு வைப்பாள். வருத்தப்படக் கூடாது, அதுவும் யோசித்து வைத்த பங்குதான். இன்னொன்று, சிரிப்பு வருகிறதே என்று விடாமல் கிச்சுகிச்சு மூட்டுபவர்கள் இருக்கிறார்கள். அக்குளில் கை பட்டால் பிடிக்காவிட்டாலும் சிரிப்பு வரும். குழந்தை முகத்தைத் திருப்பினால், கையைத் தள்ளினால், நிறுத்துங்கள்.

"அந்தக் கரண்டியை வேணும்னே கீழ போடறாண்ணா. எடுத்துக் கொடுத்தா மறுபடியும் போடறா. என்னைப் பாத்துச் சிரிக்கிறா வேற."

சிரிக்கத்தானே செய்வாள். சுவிட்சர்லாந்தின் ஜீன் பியாஜே தன் மூன்று பிள்ளைகளையும் கைக்குழந்தையிலிருந்தே கவனித்துக் குறிப்பெழுதி வைத்தவர். ஒரு பொருளைத் துணிக்கு அடியில் மறைத்தால் எட்டு மாதம் வரை குழந்தை அதைத் தேடாது, கண்ணுக்குத் தெரியாதது அதற்கு இல்லாதது என்று அவர் எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த அறிவு இன்னும் முன்னதாகவே துளிர்க்கிறது என்று காட்டினார்கள். எப்படியானாலும், மறைந்த பொருள் எங்கேயோ இருக்கிறது என்று பிடிபடத் தொடங்கும் இந்த மாதங்களில்தான் முந்தானையால் முகத்தை மூடி "பாப்பா எங்க, தோ பாப்பா" என்று காட்டும் விளையாட்டு சலிக்கவே சலிக்காது. அம்மா போய்விட்டாள், இல்லை இருக்கிறாள். கரண்டி விவகாரமும் இதன் தங்கைதான். போட்டால் ஒவ்வொரு தடவையும் கீழேதான் போகிறதா, மேலே போகாதா? ஒவ்வொரு தடவையும் அதே சத்தமா? அப்பா ஒவ்வொரு தடவையும் எடுத்துத் தருவாரா? மூன்று சோதனையை ஒரே கரண்டியில் நடத்துகிறாள். ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வர அவள் அவசரக்காரி இல்லை. உங்களுக்கு முதுகு வலித்தால் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். உண்மையிலேயே அலுத்துவிட்டால் ஒரு டம்ளரும் கூடையும் கொடுத்து, உள்ளே போடுவதும் வெளியே எடுப்பதுமாக ஆட்டத்தை மாற்றுங்கள்.

இதையெல்லாம் வெளிநாட்டுக்காரர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்றால், இல்லை. பிள்ளைத்தமிழைக் கொஞ்சம் வேறு கண்ணோடு பாருங்கள். பெரியாழ்வார் கண்ணனைப் பிள்ளையாக்கிப் பாடிய வழியில், 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடினார். பத்துப் பருவம். ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து கை கொட்டுவது. ஓராண்டையொட்டி வருகை: தளர்நடை போட்டு வா என்று அழைப்பது. ஒன்றரை வயதில் அம்புலி: நிலவைக் காட்டி விளையாட வா என்று கூப்பிடுவது. ஆண்பிள்ளைக்கு அதற்கு மேல் மணல்வீடு சிதைக்கும் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். நூலுக்கு நூல் மாதக் கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியில், நகரத் தொடங்காத குழந்தையை விழித்திருக்கும்போது தினமும் 30 நிமிடமாவது குப்புறக் கிடத்தி விளையாட விடச் சொல்கிறது. கழுத்தும் தோளும் வலுக்க அதுதான் வழி. செங்கீரை ஆடிய பிள்ளைக்கு அந்த வழிகாட்டி தேவைப்பட்டிருக்காது.

சிறுதேர் என்றதும் நம் பக்கத்துக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகும் வழியில் திருநாவலூர். சுந்தரர் பிறந்த ஊர். குழந்தை வீதியில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் திருமுனைப்பாடி அரசர் நரசிங்க முனையரையர் மனம் பறிகொடுத்து, பெற்றோரிடம் கேட்டு வாங்கி வளர்த்தார் என்று சேக்கிழார் சொல்கிறார். பட்டினப்பாலையில் இன்னும் பழைய வண்டி ஒன்று வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில், உலர்த்திய நெல்லைத் தின்ன வந்த கோழியை விரட்ட ஒரு பெண் தன் பொன் காதணியைக் கழற்றி எறிவாள். அது போய்க் கிடந்து, சிறுவர் ஓட்டும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கும். பணக்கார ஊர்!

அந்த மூன்று சக்கரம் இன்றைக்கும் நடைவண்டியாக உருள்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குச் சட்டம். மயிலம் பங்குனி உத்திரத்துக்குப் போனால் கடைகளில் கண் வையுங்கள், நல்ல மரத்தில் கிடைத்தால் வாங்குங்கள். பிளாஸ்டிக் வட்டத்துக்குள் குழந்தையை உட்கார வைத்துச் சக்கரத்தில் உருள விடுகிறார்களே, அந்த 'வாக்கர்' வேண்டாம். அதில் குழந்தை தன் எடையைத் தானே தாங்குவதில்லை, கால் நுனியால் உந்தி வேகமாகப் போய்ப் படியிலும் அடுப்பங்கரையிலும் விழுகிறது. கனடா 2004-ல் அதை விற்கவே தடை போட்டுவிட்டது. நடைவண்டியில் குழந்தை நிற்க வேண்டும், தள்ள வேண்டும், விழாமல் சமாளிக்க வேண்டும். சமதரையில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். கடையில் வாங்கும் பொம்மை எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 முதல் அது கட்டாயம்.

சித்திரை வைகாசியில் வண்டிக்கும் செலவில்லை. விழுப்புரம் பக்கம் பனைக்குப் பஞ்சமா? நெடுஞ்சாலை ஓரத்தில் நுங்கு வாங்கினால், நோண்டித் தின்ற காய் இரண்டை அப்படியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே அளவாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் காயைக் குத்திச் செருகினால் அச்சும் சக்கரமும் ஆயிற்று. கவட்டைக் குச்சி ஒன்றால் அச்சை உந்திக்கொண்டு ஓட வேண்டியதுதான். மூன்று நாலு வயதுப் பிள்ளைக்கு இதை ஓட்டுவதைவிடச் செய்வதில் ருசி அதிகம். நீங்கள் குச்சி சீவுங்கள், எந்தக் காய் எந்தப் பக்கம் என்பதை அவன் முடிவு செய்யட்டும். தப்பாக முடிவு செய்தால் வண்டி கோணலாகப் போகும். போகட்டும், ஏன் கோணுகிறது என்று அவனே குனிந்து பார்ப்பான். வண்டி இரண்டொரு நாளில் காய்ந்து சுருங்கிப் போகும் என்பதும் நல்லதுதான், வீட்டில் பொம்மைக் குப்பை சேராது.

இதெல்லாம் சும்மா பொழுதுபோக்கு, படிப்புக்கு உதவுமா என்ற சந்தேகம் தம்பி முகத்தில் தெரிந்தது. அதற்கு ஜமைக்கா வரை போக வேண்டும். 1986-87-ல் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத 9 முதல் 24 மாதக் குழந்தைகள் 129 பேரை சாலி கிரந்தம்-மெக்ரிகரும் அவர் குழுவினரும் எடுத்துக்கொண்டார்கள். சில குழந்தைகளுக்கு வாராவாரம் பால்மாவு. சிலருக்கு உள்ளூர் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, தாயோடும் குழந்தையோடும் ஒரு மணி நேரம் விளையாட்டு. சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. விளையாட்டுச் சாமான் எல்லாம் வீட்டில் தூக்கிப்போடும் டப்பா, மூடி, துணியில் செய்தவை. இரண்டு வருடத்தில் திட்டம் முடிந்தது. அந்தப் பிள்ளைகளை 22 வயதில் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, விளையாட்டுக் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். 2014-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளிவந்தது. பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படி நிலைத்த பலன் தெரியவில்லை. சாப்பாடு முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். வந்துபோன பணியாளர்கள் குழந்தைக்குப் பாடம் நடத்தவில்லை, தாய்க்கு விளையாடக் காட்டினார்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. அவர்கள் போன பிறகும் வாரத்தில் மீதி ஆறு நாள் வீட்டில் விளையாட்டு நடந்தது.

"காலைல ஆறு மணிக்கு ரயிலு. திரும்பி வர்றப்ப தூங்கிடறாண்ணா."

இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். விளையாட்டுக்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கப் பார்த்தால் அது கிடைக்கவே கிடைக்காது. எப்படியும் செய்தாக வேண்டிய வேலைக்குள் விளையாட்டை நுழைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அப்பா வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சொம்புத் தண்ணீர் எந்தக் காலில் விழும் என்று நிறுத்தி நிறுத்தி ஊற்றலாம். மாமனார் வீட்டுக்கு விழுப்புரம் போகிறீர்கள், பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஜன்னல் பக்கம் உட்கார வைத்து அவள் கை காட்டுவதற்கெல்லாம் பேர் சொல்லிக்கொண்டு வாருங்கள். நீங்கள் காட்டி அவள் பார்ப்பதைவிட அவள் காட்டி நீங்கள் சொல்வதில்தான் பேச்சு சீக்கிரம் ஒட்டும். விழுப்புரம் ரயில் சந்திப்பைப் போல ஒரு விளையாட்டுத் திடல் எந்தப் பெரிய நகரத்திலும் கிடைக்காது. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கம் தடம் பிரிகிறது. அடுத்த வண்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்று அப்பாவும் மகளும் பந்தயம் கட்டலாம், அப்பாவுக்கே விடை தெரியாது என்பது கூடுதல் ருசி.

உங்களுக்கும் பிடித்த விளையாட்டாகப் பாருங்கள், இது முக்கியம். சலிப்போடு விளையாடும் அப்பாவைப் பிள்ளை இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். பொம்மைக்குச் சோறூட்டப் பிடிக்காதவர் உப்புமூட்டை தூக்கலாம். மரக்காணம் உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் நம் ஊர்ப் பிள்ளைக்கு விலை பேசி விற்கும் வசனமெல்லாம் தானே வரும். நாலு காலில் யானையாகலாம். தோளைப் பிடித்துக் குலுக்குவது, கைக்குழந்தையை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பது மட்டும் வேண்டாம், அந்தக் கழுத்து அதற்கு இன்னும் தயாராகவில்லை. சாப்பிடும்போது செல்போன் காட்டுவதும் வேண்டாம். இரண்டு வயது வரை திரையே தேவையில்லை, அதற்கு மேல் நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்பது முன்பு சொன்ன அதே வழிகாட்டியின் கணக்கு. அறிவுடை நம்பி என்ற பாண்டியன் புறநானூற்றில், சோற்றைத் தொட்டும் துழாவியும் மேலெல்லாம் பூசிக்கொண்டும் மயக்கும் மக்கள் இல்லாத வாழ்நாள் வீண் என்கிறான். அரண்மனையில் யார் துடைத்தார்கள் என்று அவன் சொல்லவில்லை. நம் வீட்டில் ஒரு பழைய துணி விரித்துக்கொள்வோம்.

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரிப்பது நம் பக்கத்துக்கே உரிய நல்ல கைவேலை. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. ரகங்கள் எந்தெந்த ஊருக்கோ போயிருக்கின்றன, நம் வீட்டுத் திண்ணைக்கு வராமலா? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து அழுத்தி ஓட்டை உடைக்கும் பலம்தான் பின்னால் பென்சில் பிடிக்கும் பலம். ஆனால் நாலைந்து வயது வரை முழுப் பருப்பை வாயில் போட விடாதீர்கள். சிரித்துக்கொண்டே மென்றால் மூச்சுக் குழாயில் போய்ச் சிக்கும். ஓடுகளைப் பிள்ளையிடமும் பருப்பை உங்களிடமும் வைத்துக்கொண்டு உரியுங்கள். பிள்ளைக்குப் பொடித்துக் கொடுங்கள்.

இந்தப் பென்சில் விஷயத்தில்தான் அங்கன்வாடி மேல் பலருக்கு மனத்தாங்கல். "விளையாடத்தான் விடறாங்க, எழுத்துச் சொல்லித் தர்றதில்ல" என்று மூன்று வயதிலேயே சீருடை போட்டு வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. தமிழ்நாட்டு அங்கன்வாடியின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்துக்குப் பேரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. விளையாட விடுகிறார்கள் என்பது குறை இல்லை, அங்கே அதுதான் பாடம். உங்கள் ஊர் மையத்தில் நிஜமாகவே விளையாட விடுகிறார்களா, சும்மா உட்கார வைக்கிறார்களா என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். கேட்க வேண்டிய கேள்வி அது.

கடைசியாக ஒன்று. டீ ஆறிப்போனதையும் கவனிக்காமல் அவர் கேட்டுக்கொண்டிருந்ததால் சொன்னேன். ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ, ஒன்றரை வயதில் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாவிட்டாலோ, எவ்வளவு கொஞ்சினாலும் அந்த எதிர்ச்சிரிப்பு வராவிட்டாலோ, "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்ற ஆயா பேச்சைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை வரும் மருத்துவக் குழுவிடம் காட்டலாம். அதுவரைகூடப் பொறுக்காமல் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு நேரே போகலாம். போகும்போது காது கேட்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில பிள்ளைகளிடமிருந்து பதில் வராததற்குக் காரணம் அதுவாகவும் இருக்கும்.